ஓய்வுக்குப் பின்னும் பறக்கும் விமானம்: ஒளி, மூலம், சான்று – மூன்று பாடவேளைகள்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ஒளியும் ஒலியும் தனித்தனி அலகுகள். கணக்கில் மெய்யெண்கள் தனி இயல். சமதள ஆடியில் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதை நம் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 81-இன் வர்க்கமூலம் கேட்டால் உடனே விடை வரும். ஆனால் இந்த இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இவை சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. ரேடாரின் கண்ணில் எளிதில் படாத ‘ஸ்டெல்த்’ எனப்படும் மறைவிமானம்தான் அது. அவற்றுள் முதன்முதலாகப் படையில் சேர்ந்த எஃப்-117 என்ற அமெரிக்க விமானம் 2008-ஆம் ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டது. ஆனாலும் இன்னும் வானில் காணப்படுகிறது. இந்த முரண்பாட்டை மையமாக வைத்து, ஆத்தூரில் நான் பணியாற்றும் அரசுப் பள்ளியில் மூன்று பாடவேளைகள் நடத்தினேன். அந்தப் பாடத்தின் அமைப்பையும், அதற்கு வேண்டிய செய்திகளையும், வகுப்பில் எழுந்த கேள்விகளையும் இங்கே பகிர்கிறேன். செலவு மிகக் குறைவு. இரண்டு சிறிய கண்ணாடிகள், ஒரு எவர்சில்வர் சொம்பு, ஒரு டார்ச் விளக்கு, ஒரு வரைபடத்தாள், ஒரு கைப்பேசி போதும்.

இந்தப் பாடம் ஏன் தேவைப்பட்டது

இன்று நம் மாணவர்கள் பாடநூலைப் பார்ப்பதைவிடக் கைப்பேசியில் காணொளிகளை அதிகம் பார்க்கிறார்கள். “ரேடாரிலேயே தெரியாத விமானம் இருக்குதாம் சார், அதை ரிட்டையர் பண்ணிட்டதாப் பொய் சொல்லிட்டு ரகசியமா ஓட்டுறாங்களாம்” என்று ஒரு மாணவன் சொன்னபோது வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. அவன் சொன்னதில் ஒரு பங்கு உண்மை, ஒரு பங்கு மிகை, ஒரு பங்கு வெறும் ஊகம். மூன்றும் ஒரே குரலில், ஒரே இசைப் பின்னணியில் அவன் காதுக்கு வந்திருக்கின்றன. “அதெல்லாம் நம்பாதே” என்று சொல்லி உட்கார வைப்பது எளிது. ஆனால் அதனால் அவன் காணொளியை நம்புவதை விடப்போவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் விட்டுவிடுவான்.

பணி முடிந்த விமானம் எங்கே போகிறது

பாடத்திற்கு முன்னோட்டமாக இந்தக் கேள்வியைக் கேட்டேன். “இரும்புக் கடைக்கு” என்பதே பெரும்பாலோர் பதில். நம் நாட்டு எடுத்துக்காட்டுகளைக் கரும்பலகையில் எழுதினால் விடை விரிவடையும்.

முதலாவது, காட்சிப்பொருள் ஆவது. அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி விமானதளத்தில் டியு-142 எம் என்ற பெரிய உளவு விமானங்கள் இருந்தன. 1988-இல் இந்தியாவுக்கு வந்த இவை, 29 ஆண்டுகள் கடலைக் கண்காணித்துவிட்டு 29 மார்ச் 2017 அன்று அங்கேயே பணி நிறைவு பெற்றன. அவற்றுள் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மக்கள் அதன் வயிற்றுக்குள் ஏறிப் பார்க்கலாம்.

இரண்டாவது, முழுமையாக விடைபெறுவது. 1963-இல் சேர்ந்த மிக்-21 போர் விமானம், 62 ஆண்டுகளுக்குப் பின் 26 செப்டம்பர் 2025 அன்று சண்டிகரில் நடந்த விழாவுடன் இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்றது.

மூன்றாவது, இலக்காக மாறுவது. அமெரிக்காவில் பழைய எஃப்-4, எஃப்-16 விமானங்கள் சிலவற்றை விமானி இல்லாமல் பறக்கும்படி மாற்றி, ஏவுகணைப் பயிற்சியில் சுட்டு வீழ்த்தும் இலக்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நான்காவது, நினைவுக்காகப் பறப்பது. இதற்கு நம் நாட்டிலேயே அருமையான சான்று இருக்கிறது. 27 அக்டோபர் 1947 அன்று ஸ்ரீநகரைக் காக்க முதல் சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களைச் சுமந்து சென்று இறங்கியவை டகோட்டா விமானங்கள். பல பத்தாண்டுகளுக்குப் பின், அயர்லாந்தில் பழைய இரும்பாகப் போகவிருந்த ஒரு டகோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் 2011-இல் வாங்கினார். டகோட்டா விமானியாக இருந்த தம் தந்தை ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகரின் நினைவைப் போற்றும் வகையில் அதை இங்கிலாந்தில் பழுதுநீக்கி விமானப்படைக்குப் பரிசளித்தார். ‘பரசுராமா’ என்று பெயர் பெற்ற அந்த விமானம் ஏப்ரல் 2018-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து புறப்பட்டு, பல நாடுகளில் இறங்கி ஏறி, குஜராத்தின் ஜாம்நகரை வந்தடைந்தது. 4 மே 2018 அன்று ஹிண்டன் தளத்தில் முறைப்படி சேர்க்கப்பட்டது. 2021, 2024 குடியரசு நாள் அணிவகுப்புகளில் அது தில்லி வானில் பறந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம்.

இங்கே மாணவர்களிடம் ஒரு நுட்பமான கேள்வி கேட்கலாம். பரசுராமாவின் வாலில் வி.பி. 905 என்ற எண் எழுதப்பட்டிருக்கிறது. 1947-இல் ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் எண் அது. அப்படியானால் இது அதே விமானமா? இல்லை. அந்த விமானத்தின் நினைவாக அதன் எண்ணைத் தாங்கிய வேறொரு விமானம். பார்த்ததற்கும், பார்த்ததிலிருந்து நாம் முடிவு செய்வதற்கும் உள்ள இடைவெளியை மூன்றாம் பாடவேளையில் மீண்டும் எடுக்க வேண்டியிருப்பதால், இந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டாம்.

ஐந்தாவது வகைதான் எஃப்-117. ஓய்வு பெற்ற பின்னும் பயிற்சிக்காகவும் சோதனைக்காகவும் பறப்பது. அது ஏன் என்று புரிய வேண்டுமானால், முதலில் அது எப்படி மறைகிறது என்று தெரிய வேண்டும்.

முதல் பாடவேளை: கண்ணாடியும் சொம்பும்

ஒலி அலகில் எதிரொலியைப் படித்திருப்பதால் ரேடாரை அறிமுகம் செய்வது கடினமல்ல. கிணற்றுக்குள் கூவினால் குரல் திரும்பி வருவது போல, ரேடார் அனுப்பும் ரேடியோ அலை பொருளின்மீது பட்டுத் திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவு தெரிகிறது. 150 கி.மீ. தொலைவில் உள்ள விமானத்திற்கு அலை போய் வர 300 கி.மீ. பயணம். ஒளியின் வேகத்தில் அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அறிவியல் குறியீட்டில் இந்த வகுத்தலைச் செய்யச் சொன்னால் கணக்கு இயலுக்கும் பயிற்சி ஆகும்.

இனி செயல்பாடு. வகுப்பறையின் சன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு மாணவர் டார்ச் விளக்கைத் தம் கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறார். விளக்குதான் ரேடாரின் வாய், கண்தான் அதன் காது. லேசர் விளக்கைப் பயன்படுத்தவே கூடாது.

முதலில் எவர்சில்வர் சொம்பின்மீது ஒளியை அடிக்கச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நின்று அடித்தாலும் சொம்பில் ஒரு புள்ளி பளிச்சென்று மின்னும். வளைந்த பரப்பில் ஏதோ ஓர் இடம் எப்போதும் பார்ப்பவரை நேராக நோக்கியிருக்கும். அதுவே காரணம். உருண்ட உடலும் குழாய் வடிவ இயந்திரங்களும் கொண்ட சாதாரண விமானம் ரேடாருக்குச் சொம்பு போன்றது.

அடுத்து ஒரு சமதளக் கண்ணாடியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி கூரைக்கோ சுவருக்கோ போய்விடும். டார்ச் பிடித்தவருக்குக் கண்ணாடி இருண்டு தெரியும். ஒளி அழியவில்லை, வேறு பக்கம் போய்விட்டது. எஃப்-117-இன் உடல் முழுவதும் தட்டையான பட்டைகளால் ஆனது ஏன் என்பதற்கு இதுவே விடை. ஒவ்வொரு பட்டையும் வரும் அலையை ரேடார் இல்லாத திசைக்குத் திருப்பி விடுகிறது.

மூன்றாவதாக இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில், திறந்த புத்தகம் போல் நிறுத்தி வையுங்கள். அவற்றின் முன்னே இடமும் வலமும் நகர்ந்து எந்தக் கோணத்திலிருந்து ஒளியை அடித்தாலும் அது அடித்தவருக்கே திரும்பி வரும். மாணவர்கள் மிகவும் வியந்தது இதில்தான். அவர்களையே தாளில் கதிர்ப்படம் வரையச் சொல்லுங்கள். முதல் ஆடியில் படும் கதிர் இரண்டாம் ஆடியிலும் பட்டு, வந்த பாதைக்கு இணையாகத் திரும்புவதைத் தாங்களே கண்டறிவார்கள். சாதாரண விமானத்தில் செங்குத்து வாலும் கிடை வாலும் சேரும் இடம் இப்படிப்பட்ட செங்கோண மூலைதான். எஃப்-117-இல் இரண்டு வால்கள் ‘வி’ வடிவில் சாய்ந்திருப்பது அந்த மூலையைத் தவிர்ப்பதற்காக.

எதிரொளிப்பில் இன்னொரு வகையும் இருக்கிறது. அதற்கு நம் ஊர் எடுத்துக்காட்டு தயாராக உள்ளது. ஆத்தூர் வட்டாரத்தில் சேகோ ஆலைகளின் களத்தில் ஜவ்வரிசி காயும்போது எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண் கூசும். அது ஒழுங்கற்ற எதிரொளிப்பு. எல்லாத் திசைக்கும் சிறிது சிறிதாக ஒளி சிதறுகிறது. ஆடி அப்படியல்ல. ஒரு திசைக்கு மட்டும் முழுவதையும் தருகிறது.

இந்த வடிவத்தின் பின்னால் ஒரு கணித வரலாறும் இருக்கிறது. அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் பட்டு எப்படிச் சிதறும் என்பதைக் கணக்கிடும் முறையைச் சோவியத் அறிவியலாளர் பியோதர் உஃபிம்ட்செவ் 1962-இல் மாஸ்கோவில் நூலாக வெளியிட்டார். அவர் நாட்டில் அதைப் படைக்கருவிக்குரியதாக யாரும் கருதவில்லை. அமெரிக்க விமானப்படை அதை 1971-இல் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் கணிதவியலாளர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து, தட்டையான பட்டைகளால் ஆன உருவம் எவ்வளவு அலையைத் திருப்பித் தரும் என்று கணினியில் கணக்கிடும் வழியைக் கண்டார். வளைந்த பரப்புகளுக்கு அந்தக் கணக்கைச் செய்ய அன்றைய கணினிகளுக்குத் திறன் போதவில்லை. எஃப்-117 இத்தனை கோணல்மாணலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னால் வந்த பி-2 விமானத்தில் வளைவுகள் இருப்பது கணினிகள் வளர்ந்ததன் அடையாளம்.

இரண்டாம் பாடவேளை: நான்காம் படிமூலம்

மறைவது எப்படி என்று தெரிந்தபின், எவ்வளவு மறைய வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. இங்கே கணக்கு ஆசிரியரும் உடன் இருந்தால் மிக நல்லது.

ஓர் அட்டையில் 1 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துளை வெட்டி, கைப்பேசியின் விளக்கிலிருந்து 10 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். விளக்கிலிருந்து 20 செ.மீ. தொலைவில் வரைபடத்தாளை வைத்தால் ஒளிச்சதுரம் ஏறத்தாழ 2 செ.மீ. பக்கம் கொண்டிருக்கும், பரப்பு 4 மடங்கு. 30 செ.மீ. தொலைவில் 3 செ.மீ. பக்கம், பரப்பு 9 மடங்கு. அதே ஒளிதான் அதிகப் பரப்பில் பரவுகிறது. ஆகவே தொலைவு இருமடங்கானால் ஒளியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும்.

ரேடார் அலை போகும்போது இப்படிப் பரவுகிறது. விமானத்தில் பட்டுத் திரும்பும்போதும் மறுபடி இப்படியே பரவுகிறது. போகையில் நான்கில் ஒரு பங்கு, வருகையில் அதில் நான்கில் ஒரு பங்கு. ஆகத் தொலைவு இருமடங்கானால் திரும்பி வருவது 16-இல் ஒரு பங்குதான். இதை மறுபக்கமாகச் சொன்னால், ரேடார் ஒரு விமானத்தைக் கண்டறியும் தொலைவு, அதன் எதிரொளிப்புப் பரப்பின் நான்காம் படிமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். நான்காம் படிமூலம் என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் மிரள்வார்கள். வர்க்கமூலத்திற்கு மீண்டும் ஒரு வர்க்கமூலம் என்று சொன்னால் போதும். கைப்பேசிக் கணிப்பானில் வர்க்கமூலப் பொத்தானை இருமுறை அழுத்தினால் விடை வந்துவிடும்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு ரேடார் சாதாரண விமானம் ஒன்றை 200 கி.மீ. தொலைவில் கண்டுபிடிக்கிறது. அதன் எதிரொளிப்புப் பரப்பைப் பாதியாகக் குறைத்தால் எந்தத் தொலைவில் கண்டுபிடிக்கும்? கணக்கிடுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஊகித்துத் தாளில் எழுத வேண்டும். என் வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் 100 கி.மீ. என்றுதான் எழுதினார்கள். 0.5-க்கு இருமுறை வர்க்கமூலம் கண்டால் 0.84. விடை 168 கி.மீ. பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால்? 0.1-க்கு இருமுறை வர்க்கமூலம் 0.56. விடை 112 கி.மீ. தொண்ணூறு விழுக்காட்டை மறைத்தும் தொலைவு பாதிகூடக் குறையவில்லை! தங்கள் ஊகத்திற்கும் விடைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தபோதுதான் படிமூலம் என்பது அவர்களுக்கு உயிருள்ள பொருளாகியது.

தொடர்ந்து இந்தப் பட்டியலை மாணவர்களே நிரப்பலாம்.

பரப்பு 16-இல் 1 பங்கு: 100 கி.மீ.
பரப்பு 81-இல் 1 பங்கு: ஏறத்தாழ 67 கி.மீ.
பரப்பு 256-இல் 1 பங்கு: 50 கி.மீ.
பரப்பு 625-இல் 1 பங்கு: 40 கி.மீ.
பரப்பு 10,000-இல் 1 பங்கு: 20 கி.மீ.

கடைசி வரிக்கு ஒரு தொடர்கணக்கு. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், அதாவது நிமிடத்திற்கு 15 கி.மீ. வேகத்தில் வருகிறது. 200 கி.மீ. தொலைவில் கண்டால் காவலர்களுக்குக் கிடைப்பது 13 நிமிடம் 20 நொடி. 20 கி.மீ. தொலைவில் கண்டால் 80 நொடி. ‘மறைவிமானம்’ என்பதன் பொருள் இதுதான். அது கண்ணுக்குத் தெரியாததல்ல, தாமதமாகத் தெரிவது. இந்த ஒரு வாக்கியம் மனத்தில் பதிந்தால் காணொளிகள் சொல்லும் மிகையில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

மூன்றாம் பாடவேளை: எது சான்று, எது ஊகம்

கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்து ‘அறிவிக்கப்பட்டது’, ‘மக்கள் நேரில் கண்டது’, ‘ஊகம்’ என்று தலைப்பிடுங்கள். கீழுள்ள செய்திகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுத்து, உரிய பத்தியில் ஒட்டச் சொல்லுங்கள்.

எஃப்-117 முதன்முதலாகப் பறந்தது 18 ஜூன் 1981. படைப்பணிக்குத் தயாரானது 1983. அப்படி ஒன்று இருப்பதை அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 10 நவம்பர் 1988. இடைப்பட்ட ஆண்டுகளில் நெவாடா பாலைவனத்தில் டோனோபா என்ற தளத்திலிருந்து இரவில் மட்டுமே பறந்தது. 59 விமானங்கள் படைக்காகக் கட்டப்பட்டன. ஏப்ரல் 2008-இல் கடைசி விமானங்கள் ஓய்வு பெற்று அதே டோனோபாவுக்குத் திரும்பின.

தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கக்கூடிய நிலையில் அவற்றை வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தில் எழுதியிருந்தது. 2016 டிசம்பரில் கையொப்பமான சட்டம் அதைத் தளர்த்தி, ஆண்டுக்கு நான்கு விமானங்கள் வீதம் கழித்துவிட வழி செய்தது. இதற்கிடையே, ஓய்வு பெற்றதாகச் சொல்லப்பட்ட விமானங்கள் பறப்பதைப் பாலைவனத்தின் ஓரங்களில் நின்றவர்கள் தொலைநோக்கு ஒளிப்படக்கருவிகளில் படம்பிடித்தார்கள். செப்டம்பர் 2021-இல் இரண்டு எஃப்-117 விமானங்கள் கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ விமான நிலையத்தில் பகலில் வந்திறங்கி, அங்குள்ள எஃப்-15 பிரிவுடன் பயிற்சி செய்தன. அதன் படங்களைப் படையினரே வெளியிட்டார்கள்.

ஏன் பறக்கின்றன என்பதற்கு இரண்டாம் பாடவேளையின் கணக்கே விடை தருகிறது. தாமதமாகத் தெரியும் இலக்கைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டுமானால், அப்படிப்பட்ட இலக்கு ஒன்று எதிரில் பறந்தாக வேண்டும். புதிய மறைவிமானங்கள் விலை மிகுந்தவை, பணியில் இருப்பவை. பழையவை பயிற்சிக் களத்தில் எதிரியின் வேடம் போடுகின்றன.

‘ரேடாரில் தெரியவே தெரியாது’ என்ற சீட்டை எங்கே ஒட்டுவது? அது ஊகம்கூட அல்ல, பொய்யென நிறுவப்பட்ட கூற்று. 27 மார்ச் 1999 அன்று செர்பியாவில், சோவியத் காலத்து எஸ்-125 ஏவுகணை ஒன்று எஃப்-117-ஐ வீழ்த்தியது. விமானி குதித்துத் தப்பி மீட்கப்பட்டார். அந்தப் பிரிவினர் நீண்ட அலைநீளமுள்ள பழைய ரேடாரையும் பயன்படுத்தினார்கள். வடிவத்தால் மறையும் வித்தை குறுகிய அலைகளிடம் நன்றாகச் செல்லும், நீண்ட அலைகளிடம் அந்த அளவுக்குச் செல்லாது. அந்த விமானத்தின் உடைந்த பகுதிகள் பெல்கிரேடு விமான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

‘மீண்டும் ரகசியமாகப் போருக்கு அனுப்பினார்கள்’ என்ற சீட்டு ஊகப் பத்தியில்தான் இருக்க முடியும். ஊகம் என்றாலே பொய் என்றும் ஆகாது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2021-க்கு முன் படம்பிடித்தவர்கள் கண்டது உண்மை, அதைப் படங்கள் தாங்கின. ஆனால் 1986-இல், எவரும் பார்த்திராத மறைவிமானம் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு பொம்மை நிறுவனம் ‘எஃப்-19’ என்ற பெயரில் வழவழப்பான வளைவுகளோடு ஒரு மாதிரியை விற்றது. அது ஏராளமாக விற்பனையானது. இரண்டு ஆண்டுகளில் வெளிவந்த உண்மையான விமானமோ முழுக்கத் தட்டைப் பட்டைகளாக இருந்தது. பலர் நம்புவதால் ஊகம் சான்றாகிவிடாது என்பதற்கு இந்தப் பொம்மையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தவிர்க்கக் கூடாத கேள்வி

சீட்டு ஒட்டும் வேலை முடிந்த நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, “இது குண்டு போட்டு யாராவது செத்தாங்களா சார்?” என்று கேட்டாள். போர்க்கருவியைப் பாடமாக்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தயாராக வர வேண்டும். 13 பிப்ரவரி 1991 அன்று ஈராக்கின் பாக்தாத் நகரில் அமிரியா என்ற பதுங்குமிடத்தின்மீது எஃப்-117 விமானங்கள் குண்டு வீசின. படைத்தலைமையின் இடம் என்று அமெரிக்கத் தரப்பு கருதியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் குடும்பங்களோடு தஞ்சம் புகுந்த பொதுமக்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இதைச் சொன்னபின் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த அமைதியை நான் கலைக்கவில்லை. பிறகு அந்த மாணவியே, “குண்டு சரியான இடத்துலதான் விழுந்திருக்கு, உள்ளே யார் இருக்காங்கன்னுதான் தப்பாத் தெரிஞ்சிருக்கு” என்றாள். சான்றுக்கும் ஊகத்துக்கும் உள்ள வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிவதல்ல என்பதை எவ்வளவு விளக்கினாலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

நம் மாணவர்களுக்கு இதில் என்ன

இது தொலைதூர நாட்டுச் செய்தி மட்டுமல்ல. விமானியில்லாமல் பறக்கும் இறக்கை வடிவ விமானம் ஒன்றை நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1 ஜூலை 2022 அன்று கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் வெற்றிகரமாகப் பறக்கவிட்டது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்கள் சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி. நம் மாவட்டத் தலைநகரே அந்த ஐந்தில் ஒன்று. தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ பாலிடெக்னிக்கிற்கோ போகப்போகும் மாணவருக்கு, கோணமும் மூலமும் எங்கே வேலைக்கு வரும் என்று காட்ட இதைவிட அருகில் வேறொன்று இல்லை.

மறைப்பதற்கு உதவும் அதே இயற்பியல், தெரியச் செய்வதற்கும் உதவும். நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் விக்ரம் தரையிறங்கு கலத்தில், செங்கோண மூலைகளால் ஆன சிறிய எதிரொளிப்பான் தொகுதி ஒன்று இருக்கிறது. 12 டிசம்பர் 2023 அன்று நிலவைச் சுற்றும் அமெரிக்கக் கலம் ஒன்று லேசர் ஒளியை அனுப்பி, அதிலிருந்து திரும்பி வந்த ஒளியைப் பெற்றது. அந்த எதிரொளிப்பான் நம் பள்ளி மிதிவண்டிக் கொட்டகையிலும் இருக்கிறது. மிதிவண்டியின் பின்புறம் உள்ள சிவப்புப் பிரதிபலிப்பானை உருப்பெருக்கியால் பார்த்தால், உள்ளே சின்னஞ்சிறு செங்கோண மூலைகள் வரிசையாகத் தெரியும்.

இந்த இடத்தில் பாடம் வகுப்பறையை விட்டு வெளியே போனது. எங்கள் மாணவர்கள் பலர் மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து, இருட்டும் வேளையில் சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டி மிதிவண்டியில் வீடு திரும்புகிறார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் அதே சாலையில் போகின்றன. குழுக்களாகப் பிரிந்து கொட்டகையில் உள்ள மிதிவண்டிகளைச் சோதித்தபோது, பலவற்றில் பிரதிபலிப்பான் உடைந்திருந்தது. சிலவற்றில் சேறு அப்பியிருந்தது. சிலவற்றில் அது இருந்த இடம் மட்டுமே இருந்தது. அந்த மிதிவண்டிகள் சாலையில் மறைவிமானங்களாகப் போய்க்கொண்டிருந்தன.

லாரி ஓட்டுநருக்கு எத்தனை நொடி கிடைக்கும் என்ற கணக்கை மாணவர்களே போட்டார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 100 மீட்டர் தொலைவில் மிதிவண்டி தெரிந்தால் 6 நொடி. 25 மீட்டரில் தெரிந்தால் ஒன்றரை நொடி. அதன் பிறகு துடைக்கச் சொல்லியோ, புதிதாக ஒட்டச் சொல்லியோ நான் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

பிற வகுப்புகளுக்கும் மதிப்பீட்டுக்கும்

நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் சொம்பும் கண்ணாடியும் கொண்ட செயல்பாட்டை மட்டும் செய்யலாம். ‘எது திரும்பி வந்தது, எது வேறு பக்கம் போனது’ என்று படம் வரையச் செய்தால் போதும். எட்டாம் வகுப்பில் கதிர்ப்படம் வரை போகலாம். மேல்நிலை இயற்பியல் மாணவர்களுக்கு அலைநீளத்திற்கும் பொருளின் அளவிற்கும் உள்ள தொடர்பை 1999 நிகழ்வோடு சேர்த்து விவாதமாக்கலாம். சமூக அறிவியல் ஆசிரியர் டகோட்டாவையும் 1947-ஐயும் எடுத்துக்கொள்ளலாம்.

மதிப்பீட்டுக்கு நான் பயன்படுத்திய கேள்விகள் இவை.

1. கண்டறியும் தொலைவை ஐந்தில் ஒரு பங்காக்க எதிரொளிப்புப் பரப்பை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும்?
2. பள்ளியில் சொம்பு, சாய்ந்த கண்ணாடி, செங்கோண மூலை ஆகிய மூன்றைப் போலவும் செயல்படும் பொருள்களுக்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டு தருக.
3. இந்த வாரம் கைப்பேசியில் கண்ட ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள வாக்கியங்களை மூன்று பத்திகளில் பிரித்து எழுதுக.
4. உன் வீட்டில் உள்ள வாகனங்களின் பிரதிபலிப்பான்களைச் சோதித்து, கண்டதையும் செய்ததையும் எழுதுக.

முதல் கேள்விக்கு விடை ஒன்றுதான். மூன்றாவதற்கு வரும் விடைத்தாள்களை அவசரப்படாமல் படியுங்கள். நம் மாணவர்கள் என்ன பார்க்கிறார்கள், எதை நம்புகிறார்கள், எங்கே சந்தேகப்படத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். அடுத்த பாடத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்பதும் அதிலேயே கிடைக்கும்.